டர்பன் அலுவலகத்தில் இம்ப்ரோவ்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து சேரும் நம்மவர்களில் பெரும்பாலானோருக்கு வேலை நன்றாகவே தெரியும். கணக்கு பார்ப்பார்கள், கோட் எழுதுவார்கள், சுங்கத் தாள்களைத் தப்பில்லாமல் நிரப்புவார்கள். தடுமாற்றம் வருவது வேறு இடத்தில். மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போது யாராவது சட்டென்று திரும்பி, “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்பார்கள். கையில் ஸ்லைடு இருந்தால் வெளுத்துக் கட்டுகிறவர், இந்த ஒரு கேள்விக்கு “பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று ஒதுங்கிவிடுவார். பேச்சு அவரைத் தாண்டிப் போய்விடும். வருடக் கடைசியில் மதிப்பீட்டுத் தாளில் “இன்னும் முன்வந்து பேசலாம்” என்று ஒரு வரி ஏறியிருக்கும்.

இதற்கு மேடைப்பேச்சுப் பயிற்சி ஓரளவுக்குத்தான் உதவும். அதிலும் பெரும்பங்கு, எழுதித் தயார் செய்து பேசுவதுதான். எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்வது இம்ப்ரோவ். வசனம் எழுதாமல், ஒத்திகை பார்க்காமல், பார்வையாளர் எடுத்துக் கொடுக்கும் ஒரு சொல்லை வைத்து நின்ற இடத்திலேயே நாடகம் கட்டுகிற நகைச்சுவைக் கலை. அதை மேடையில் ஆட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மேடைக்காரர்கள் பயிற்சிக்கு ஆடும் விளையாட்டுகள் அலுவலகத்துக்கு அப்படியே பொருந்துகின்றன.

நமக்கு இது அந்நியச் சரக்கும் இல்லை. கொடுத்த சொல்லுக்கு அந்த நொடியே வெண்பா சொன்ன ஆசுகவிகள் நம்மிடம் இருந்தார்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் அன்று காலை ஊரில் நடந்த சண்டையைக்கூட மகாபாரதத்துக்குள் இழுத்துவிடுவான். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அந்தக் கூத்தை நேட்டாலுக்கும் (டர்பன் இருக்கும் மாகாணத்தின் பழைய பெயர்) கொண்டுவந்தார்கள். இங்கே அதற்கு ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் விழுந்தது. தமிழ் பேச்சு குறைந்துபோன குடும்பங்களில்கூட அந்தப் பெயரைக் கேட்டால் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்று நாம் இம்ப்ரோவ் என்று சொல்வதன் விளையாட்டுகள் பெரும்பாலும் சிகாகோவில் பிறந்தவை. 1930களின் இறுதியில் அங்கே வயோலா ஸ்போலின் என்பவர் அரசு வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றில் நாடகம் சொல்லிக்கொடுத்தார். வந்து உட்கார்ந்தவர்களில் பலர் வெவ்வேறு நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். பாடம் நடத்தினால் எடுபடாது என்று, ஆடினாலே புரிகிற விளையாட்டுகளாக அவர் உருவாக்கினார். அவருடைய மகன் பால் சில்ஸ் நண்பர்களோடு சேர்ந்து 1959-ல் தொடங்கிய செகண்ட் சிட்டி அரங்கம் அந்த விளையாட்டுகளை நகைச்சுவை மேடைக்கு ஏற்றியது. லண்டனில் கீத் ஜான்ஸ்டன் தனியாக இன்னொரு பாதை போட்டு, பிறகு கனடாவின் கால்கரியில் குடியேறி, 1977-ல் லூஸ் மூஸ் என்ற அரங்கைத் தொடங்கினார். ஆக, இது முதலிலேயே புது ஊருக்கு வந்தவர்களுக்காகச் செய்யப்பட்டது. நமக்குப் பொருந்துவதில் ஆச்சரியமில்லை.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் காது

இம்ப்ரோவ் என்றதும் எல்லாரும் பயப்படுவது, “எனக்கு ஜோக் அடிக்க வராதே” என்றுதான். வர வேண்டாம். ஜோக் அடிக்க முயல்கிறவர்தான் இம்ப்ரோவில் முதலில் சொதப்புவார். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் அவருடைய மண்டையில் ஒரு ஜோக் தயாராகிவிடுகிறது, மீதி எதுவும் காதில் விழுவதில்லை. மீட்டிங்கிலும் நாம் செய்வது அதுதான். நம் முறை வரும்வரை நம் வாக்கியத்தை உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றால் இன்னும் மோசம், இலக்கணமும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அதனால் முதல் பயிற்சி காதுக்கு. இருவர் எதிரெதிரே உட்காருங்கள். ஒருவர் ஒரு வாக்கியம் சொல்வார். மற்றவர் அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் தன் வாக்கியத்தைத் தொடங்க வேண்டும். அந்தாதி என்று சொன்னால் உடனே புரியும்.

“நேத்து மழைல உம்கெனி ரோடு முழுக்க தண்ணி.”

“தண்ணி எங்க பேஸ்மெண்ட்லயும் வந்துடுச்சு, கார் நனைஞ்சுபோச்சு.”

“போச்சுன்னு விட்டுடாதீங்க, இன்ஷூரன்ஸுக்கு போட்டோ எடுத்தீங்களா?”

எதிராளி வாயை மூடும்வரை உங்களால் பதிலைத் தயார் செய்ய முடியாது. அதுதான் இதில் இருக்கிற சூட்சுமம். தமிழில் ஆடினால் கஷ்டம் அதிகம், பலனும் அதிகம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வந்து உட்காரும், செய்தாரா செய்யவில்லையா என்பதே கடைசி அசையில்தான் தெரியும். ஆகவே தமிழில் பழகிவிட்டு, அப்புறம் ஆங்கிலத்தில் ஆடிப் பாருங்கள்.

அலுவலகத்தில் இதை அப்படியே செய்தால் பைத்தியம் என்பார்கள். அங்கே செய்ய வேண்டியது சின்ன விஷயம்: பதில் சொல்லும்போது அவர் சொன்னதில் ஒரு சொல்லையாவது எடுத்து உங்கள் வாக்கியத்தின் தலையில் வையுங்கள். “நீங்க சொன்ன அந்த ரீஃபண்ட் விஷயம்…” என்று தொடங்கினால் போதும். கேட்டிருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கும் யோசிக்க இரண்டு நொடி கிடைக்கும்.

கேட்பதில் இன்னொன்றும் அடக்கம். எதிரில் இருப்பவர் தராததை நாமாக இட்டு நிரப்பக் கூடாது. இங்கே நாயுடு, கோவெண்டர், பிள்ளை, மூட்லி என்று ஆபீஸில் பாதிப் பேர் நம் பெயர்களோடு இருப்பார்கள். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் தமிழில் ஆரம்பித்துவிடுகிற ஆர்வக்கோளாறு புதிதாக வந்தவர்கள் எல்லாருக்கும் உண்டு. அவர்களில் பலருடைய வீட்டு மொழி இரண்டு மூன்று தலைமுறைகளாக ஆங்கிலம். கோயிலுக்குப் போவார், காவடி எடுப்பார், தேவாரம் பாடுவார், ஆனால் “எப்படி இருக்கீங்க” என்றால் சங்கடப்படுவார். அவராக “ஆயா வீட்டில் பேசுவாங்க” என்று எடுத்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவரை பொறுங்கள்.

அடுத்து ‘ஆமாம், அதோடு’

இம்ப்ரோவின் தலையாய விதி இது. மேடையில் ஒருவர் “டாக்டர், என் பையன் நாணயத்தை விழுங்கிட்டான்” என்று ஓடிவந்தால், மற்றவர் “நான் டாக்டர் இல்லை” என்று சொல்லக் கூடாது. சொன்னால் நாடகம் அங்கேயே செத்துவிடும். “ஐந்து ராண்டா? போன வாரம் முழுங்கினதே இன்னும் வெளிய வரலையே!” என்று சொன்னால் கதை நகர்கிறது. கொடுத்ததை ஏற்றுக்கொள்வது ஒரு பாதி. அதன் மேல் ஒன்றைச் சேர்ப்பது மறு பாதி.

வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் இதைச் சொல்லித்தரும்போது முதல் பாதியில் அதிக நேரம் செலவழிப்பார்கள். மறுத்துப் பேசியே பழகியவர்களை ஏற்கப் பழக்குவது அவர்களுடைய வேலை. நம்மவர்களுக்கு ஆமாம் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. “சரி சார், ஓகே சார், பண்ணிடலாம் சார்” என்று ஊறிப்போய்த்தான் விமானம் ஏறுகிறோம். நமக்கு வராதது ‘அதோடு’. அதனால் இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: இம்ப்ரோவின் ‘ஆமாம்’ என்பது, நீங்கள் சொன்ன நிலவரம் உண்மைதான் என்று ஒப்புக்கொள்வது. நீங்கள் கேட்டதைச் செய்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுப்பது அல்ல.

ஓர் உதாரணம் பார்க்கலாம். இது சரக்கு அனுப்பும் ஆபீஸில் வாரம் தவறாமல் நடப்பது. பேச்சு ஆங்கிலத்தில்தான் ஓடும், இங்கே தமிழில் தருகிறேன். வாடிக்கையாளர் போனில்:

“என் கன்டெய்னர் வியாழக்கிழமை வரும்னு சொன்னீங்க. இன்னிக்கு வியாழன். வெள்ளிக்கிழமை கடையில ஆஃபர் ஆரம்பிக்குது.”

ஒரு வகைப் பதில்: “காற்று அடிக்குது, போர்ட்ல கிரேன் ஓடல. அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?” சொன்னது உண்மைதான். டர்பன் துறைமுகத்தில் காற்று பலமாக வீசினால் கன்டெய்னர் இறக்கும் கிரேன்களை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அவர் எடுத்துக் கொடுத்த எதையும் இந்தப் பதில் கையில் வாங்கவில்லை. அவருடைய ஆஃபர் அந்தரத்தில் தொங்குகிறது.

இன்னொரு வகை: “கவலைப்படாதீங்க, நாளைக்குக் கண்டிப்பா வந்துடும்.” இது நம்முடைய ஊர்ப் பதில். நாளைக்கு வராது என்று சொல்கிறவருக்கே தெரியும். இந்த நிமிடத்தைத் தாண்டினால் போதும் என்பதற்காகச் சொல்வது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேலாளருக்குப் போன் வரும்.

இம்ப்ரோவ் பழகியவரின் பதில் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

“ஆமா, வியாழன்னுதான் சொன்னோம், வரல. நாளைக்கு உங்களுக்கு ஆஃபர் வேற. கப்பல் இன்னும் வெளியதான் நிக்குது, காற்று நின்னாத்தான் உள்ள வரும். அதனால வெள்ளிக்குள்ள வரும்னு என்னால சொல்ல முடியாது. ஆஃபர்ல முதல் நாள் எது அதிகமா போகும்? போன ஷிப்மெண்ட்ல மிச்சம் எங்க கிடங்குல கொஞ்சம் இருக்கு. எதுன்னு சொன்னீங்கன்னா இன்னிக்கு சாயங்காலமே லாரி ஏத்திடறேன். நாளைக்குக் காலைல எட்டரைக்கு நானே கூப்பிட்டு நிலவரம் சொல்றேன்.”

இதில் ஒரு மறுப்பும் இருக்கிறது, கவனித்தீர்களா? “வெள்ளிக்குள்ள வரும்னு சொல்ல முடியாது.” ஆனால் அது மூன்று ஆமாம்களுக்குப் பிறகு வருகிறது, அதன் பின்னாலேயே சேர்த்துக் கொடுக்க ஒன்று வருகிறது. ஆஃபரில் எது போகும் என்று அவரையே கேட்டதும் அவரும் பிரச்சினைக்குள் இறங்கிவிட்டார். இனி இருவரும் ஒரே பக்கம் நின்று யோசிக்கிறார்கள்.

இதற்கு ஒரு விளையாட்டு உண்டு. மூன்று சுற்று. இருவர் சேர்ந்து டிராகென்ஸ்பெர்க் மலைக்கு ஒரு வாரக்கடைசிப் பயணம் திட்டமிட வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொரு யோசனைக்கும் “இல்ல, வேணாம்” என்று பதில். இரண்டாம் சுற்றில் “ஆமா, ஆனா…”. மூன்றாவதில் “ஆமா, அதோட…”. சுற்றுக்கு இரண்டு நிமிடம். முதல் சுற்று அரை நிமிடத்தில் நொண்டியடிக்கும். மூன்றாவதில் மலையில் யானை வாடகைக்கு எடுத்து, குக்கரில் பிரியாணி போட்டு, மாமியாரையும் ஹெலிகாப்டரில் ஏற்றியிருப்பீர்கள். இரண்டாம் சுற்றுதான் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான மீட்டிங்குகள் ‘ஆமா, ஆனா’ சுற்றிலேயே ஒரு மணி நேரம் ஓடுகின்றன. கேட்பதற்கு மரியாதையாக இருக்கும். ஒரு யோசனையும் பிழைக்காது.

சேர்ப்பது எதுவாக இருக்க வேண்டும்

‘அதோடு’ வராததற்கு முக்கியக் காரணம், பெரிதாக ஏதோ சேர்க்க வேண்டும் என்று நினைப்பது. தேவையில்லை. ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு இடம், ஓர் அளவு போதும். மேடையில் “அங்கே ஒரு பொருள் இருக்கு” என்கிறவர் கூட நடிப்பவரைப் பட்டினி போடுகிறார். “ஸ்டூலுக்கு அடியில உங்க அப்பாவோட பல்செட் இருக்கு” என்கிறவர் சோறு போடுகிறார்.

ஈமெயிலிலும் அதேதான். “விரைவில் அனுப்புகிறேன்” என்பதை “செவ்வாய் மதியம் இரண்டு மணிக்குள் முதல் இரண்டு பக்கம் அனுப்புகிறேன், மூன்றாவதற்கு ஜோஹன்னஸ்பர்க் கிளையிலிருந்து எண் வர வேண்டும்” என்று மாற்றிப் பாருங்கள். படிக்கிறவர் திருப்பிக் கேள்வி கேட்க வேண்டியிருக்காது. இங்கே ‘ஜஸ்ட் நவ்’ என்று யாராவது சொன்னால் அது பத்து நிமிடமாகவும் இருக்கலாம், நாளைக்காகவும் இருக்கலாம். ஆகையால் கேட்கும்போதும் மணியைக் கேட்டு வாங்குங்கள்.

பழகுவதற்கு, குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கு ஒரு சொல் என்று கதை சொல்லுங்கள். “போன – வாரம் – நம்ம – ஆபீஸ் – லிஃப்டுல – ஒரு – குரங்கு…” என்று போகும். உம்லாங்கா பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தக் குரங்கு கற்பனையே இல்லை, ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே வந்து மேஜையில் இருக்கும் வாழைப்பழத்தை எடுத்துப் போய்விடும். இந்த ஆட்டத்தில் ‘ஒரு’, ‘அந்த’, ‘அப்புறம்’ போன்ற சாதாரணச் சொல்லைப் போட வேண்டிய முறை வந்தால் அதைப் போட்டுவிட்டு நகர வேண்டும். எல்லா முறையும் குரங்கை நாமே கொண்டுவர வேண்டும் என்று அடம்பிடிப்பவர் யார் என்பது இரண்டே சுற்றில் தெரிந்துவிடும்.

ஏற்ற இறக்கம்

கீத் ஜான்ஸ்டன் தந்தவற்றில் அலுவலகத்துக்கு மிகவும் உதவுவது இதுதான். இரண்டு பேர் ஓர் அறையில் இருந்தால் ஒருவர் கொஞ்சம் மேலே, ஒருவர் கொஞ்சம் கீழே நிற்பார் என்றார் அவர். பதவியைச் சொல்லவில்லை. உடம்பும் குரலும் காட்டுவதைச் சொன்னார். தலையை ஆட்டாமல், நிதானமாக, கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர் மேலே ஏறுகிறார். முகத்தைத் தொட்டுக்கொண்டு, அரை வாக்கியத்தில் நிறுத்தி, சிரித்து மழுப்புகிறவர் கீழே இறங்குகிறார். எஜமானனைவிட மிடுக்காக நடக்கும் வேலைக்காரனை மேடையில் பார்த்தாலே நமக்குச் சிரிப்பு வருவது அதனால்தான்.

நம்மவர்கள் மேலாளர் அறைக்குள் நுழைவதைக் கவனித்துப் பாருங்கள். கதவை முக்கால்வாசி மட்டும் திறப்போம். தோள் முன்னால் வளையும். நாற்காலி இருந்தாலும் நின்றுகொண்டே பேசுவோம், உட்கார்ந்தால் நுனியில். நல்ல யோசனையைக்கூட “தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க” என்று மொட்டையடித்துத்தான் வெளியே விடுவோம். ஊரில் இது மரியாதை. இங்கே பெரிய அதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கடைகளில் காதில் விழும் ‘லானி’ என்ற சொல் முதலாளியைக் குறிக்கும், அதை முதலாளியிடமே சொல்லிவிடாதீர்கள். பெயர் சொல்லி அழைக்கும் இடத்தில் கூனிக் குறுகி நின்றால், இவருக்குத் தன் வேலையில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

பயிற்சிக்கு ஒரு சீட்டுக்கட்டு வேண்டும். ஆளுக்கு ஒரு சீட்டு. தன் சீட்டைத் தான் பார்க்கக் கூடாது, நெற்றியில் வைத்து மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். அறையில் நடமாடிக்கொண்டே ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிப் பேசுங்கள். ராஜாவை ராஜா மாதிரி, இரண்டை இரண்டு மாதிரி நடத்துங்கள். சில நிமிடம் கழித்து, அவரவர் சீட்டு என்னவாக இருக்கும் என்று யூகித்து வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லாரும் சரியான இடத்தில் வந்து நிற்பார்கள். ஐந்து நிமிடத்தில் முன்பின் தெரியாதவர்கள் நம்மை எங்கே வைக்கிறார்கள் என்பதை நம் உடம்பு எவ்வளவு துல்லியமாகப் படிக்கிறது என்று அப்போது புரியும்.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொருவரும் தன் சீட்டைத் தான் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பிறருக்குக் காட்டாமல் அதற்கு ஏற்ப நடக்க வேண்டும். வழக்கமாகக் குனிந்து நிற்பவருக்கு வேண்டுமென்றே ராணியைக் கொடுங்கள். முதலில் நெளிவார். பிறகு முதுகு நிமிரும், வாக்கியம் முழுதாக வரும். அந்த முதுகைத் திங்கட்கிழமை மீட்டிங்குக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். எப்போதும் மேலே நிற்பதும் நல்லதல்ல. புதிதாகச் சேர்ந்த இளைஞர் உங்களிடம் கேள்வி கேட்கப் பயப்படுகிறார் என்றால் நீங்கள் இரண்டு படி இறங்க வேண்டும். நாற்காலியை அவர் பக்கம் போட்டு உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது.

எதிராளியை மேலே ஏற்றுவதும் இதில் ஒரு கலை, அதற்கு டர்பனில் மிகச் சுலபமான பயிற்சிக் களம் வாசலில் இருக்கிறது. காவலரிடமோ வரவேற்பு மேஜையிலோ போய் நேராக “பார்க்கிங் டோக்கன் வேணும்” என்று ஆரம்பித்தால் இங்கே அது முரட்டுத்தனம். முதலில் ‘சாவுபோனா’ (ஜூலு மொழியில் வணக்கம்), அவர் ‘யேபோ’ (ஆமாம்) என்பார், அப்புறம் ‘உஞ்சானி’ என்று நலம் விசாரிப்பு, பதில், அதன் பிறகுதான் டோக்கன். பத்து நொடி ஆகும். அந்தப் பத்து நொடியில் அவருடைய பதிலைக் காதில் வாங்கினீர்களா என்று உங்களையே சோதித்துக்கொள்ளலாம். “தலைவலி” என்று அவர் சொல்லியும் நீங்கள் “குட், குட்” என்று போய்விட்டால், அந்தாதிப் பயிற்சிக்குத் திரும்பவும்.

சொதப்பினால் கைதட்டு

இம்ப்ரோவ் வகுப்பில் யாராவது தப்புச் செய்தால் அவர் இரு கையையும் மேலே தூக்கி, பெரிதாகக் கும்பிடு போடுவார், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். பார்க்கக் குழந்தைத்தனமாக இருக்கும். ஆனால் தப்பு நடந்ததும் சுருங்குகிற உடம்பை அந்த நொடியிலேயே விரித்துவிடுகிறது. எளிய ஆட்டம் ஒன்று: வட்டமாக நின்று, கண்ணை மூடி, ஒன்றிலிருந்து இருபது வரை எண்ண வேண்டும். யார் எப்போது சொல்வது என்று ஏற்பாடு கிடையாது. இருவர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. வீடியோ மீட்டிங்கில் “நீங்க சொல்லுங்க… இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க” என்று மோதிக்கொள்கிற எல்லாருக்கும் இது மருந்து.

அலுவலகத்தில் கும்பிடு போட வேண்டாம். தப்பை முதல் ஆளாக, முழு வாக்கியத்தில், சத்தமாகச் சொல்லி, அடுத்த அடியையும் கூடவே சொன்னால் போதும். “விலைப் பட்டியலில் பழைய எண்ணை அனுப்பிவிட்டேன். திருத்தியது இன்னும் பத்து நிமிடத்தில் வரும். வாடிக்கையாளருக்கு நானே போன் செய்கிறேன்.” விளக்கம், மன்னிப்புப் படலம், யார் சொன்னதால் அப்படி ஆனது என்கிற வரலாறு எல்லாவற்றையும் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

திட்டம் கையை விட்டுப் போவது இந்த நாட்டில் அரிதான சம்பவமும் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலையே சேதமாகி லாரிகள் நின்றன. 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பாதிப் பேச்சில் திரை கறுத்துப்போகாத ஆபீஸ் கிடையாது. அப்படி ஒரு நேரத்தில் ஸ்லைடு போனதும் பேச்சும் போய்விடுகிறவர் உண்டு, வெள்ளைப் பலகையில் நான்கு கோடு கிழித்துத் தொடர்கிறவர் உண்டு. வீட்டில் இதைப் பழகலாம். உங்கள் ஸ்லைடுகளில் ஒன்றை யாராவது சொல்லாமல் நீக்கிவிடட்டும், நீங்கள் நிற்காமல் பேசிக் காட்டுங்கள்.

எங்கே வேண்டாம்

சுங்க அறிக்கை, மருந்தின் அளவு, வரிக் கணக்கு, பாதுகாப்பு விதி. இவற்றில் இம்ப்ரோவைஸ் செய்கிறவர் கெட்டிக்காரர் அல்ல, ஆபத்தானவர். தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். ‘அதோடு’ என்பது, எப்போது தெரிந்து சொல்வீர்கள் என்கிற நேரம்.

வேலைநீக்கம், சாவு, நோய் பற்றிய பேச்சில் கேட்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மூட்டை கட்டுங்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பிறர் உச்சரிப்பைப் பேசிக் காட்டுவது, நிறத்தையும் இனத்தையும் வைத்து விளையாடுவது இரண்டும் கூடவே கூடாது. இங்கே இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர்கள் தங்கள் உச்சரிப்பையே கிண்டல் செய்து அரங்கை அதிர வைப்பார்கள். அது அவர்கள் வீட்டுச் சொத்து. நேற்று வந்திறங்கிய நாம் ஜூலுக்காரரையோ ஆஃப்ரிகானரையோ பேசிக் காட்டினால், சிரித்தவர்கள்கூட மறுநாள் நம்மிடமிருந்து தள்ளி நிற்பார்கள். இனரீதியான பேச்சுக்காக வேலை போய், விவகாரம் சி.சி.எம்.ஏ. என்ற தொழில் தகராறு ஆணையம்வரை போவது இந்த நாட்டில் கற்பனை அல்ல. பயிற்சிக் கூட்டத்திலும் இதே விதிதான். பாத்திரத்தை நடை, வேகம், ஆசை, பயம் ஆகியவற்றால் காட்டலாம். அதற்கு உச்சரிப்பு தேவையில்லை.

குழு சேர்ப்பது

நான்கு பேர் இருந்தால் ஆரம்பிக்கலாம், எட்டுக்கு மேல் போனால் ஆளுக்கு முறை வரத் தாமதமாகும். வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம். குடியிருப்பு வளாகத்தில் பிராய் போடும் (தணலில் இறைச்சி சுடும்) இடம் பெரும்பாலும் காலியாக இருக்கும். கோயில் மண்டபமும் கேட்டால் கிடைக்கும், சத்தம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரே ஆபீஸ்காரர்கள் மட்டும் சேர்ந்தால், அதிலும் மேலாளர் ஒருவர் இருந்தால், முதல் மாதம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வெவ்வேறு வேலைக்காரர்கள் கலந்திருப்பது நல்லது. நர்ஸ் அக்கா ஒருவர், கடைத் தம்பி ஒருவர், வங்கிக்காரர் ஒருவர் என்று இருந்தால் உதாரணங்களுக்குப் பஞ்சம் வராது.

வரிசை இப்படி இருக்கட்டும்: எண்ணும் ஆட்டத்தில் ஆரம்பித்து, அந்தாதி, பிறகு அன்றைக்கு ஒரே ஒரு பெரிய பயிற்சி. கடைசிப் பத்து நிமிடம் உண்மையான சங்கதிகளுக்கு. அந்த வாரம் வேலையில் வாயடைத்துப்போன ஒரு கட்டத்தை ஒருவர் சொல்ல, மற்ற இருவர் அதை நடித்துக் காட்ட வேண்டும். சொன்னவர் நடிக்கக் கூடாது, தள்ளி உட்கார்ந்து பார்க்க வேண்டும். தன் மேலாளரை இன்னொருவர் நடிப்பதைப் பார்க்கும்போதுதான், “அட, அவர் கேட்டது அதுவா?” என்று பலருக்கு விளங்குகிறது. ஆட்களின் பெயரும் கம்பெனி பெயரும் சொல்ல வேண்டாம், இந்த ஊர் சின்ன ஊர்.

யாரையும் வற்புறுத்தி எழுப்பாதீர்கள். உட்கார்ந்து பார்ப்பவர் மூன்றாவது வாரம் தானாக எழுந்து வருவார், வராவிட்டாலும் குறையில்லை. வீடியோ எடுக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் தன் கோமாளித்தனம் சுற்றப்போகிறது என்ற பயம் இருந்தால் எந்தப் பயிற்சியும் ஓடாது.

நல்ல ஆட்டம் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க ஆசை இருந்தால், கேப் டவுன் போகும்போது இம்ப்ரோகைஸ் குழுவின் காட்சி இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஜான்ஸ்டன் தொடங்கிவைத்த தியேட்டர்ஸ்போர்ட்ஸ் பாணியில், இரண்டு அணிகள் போட்டி போட்டு ஆடுவார்கள். பார்வையாளரிடம் ஒரு சொல் கேட்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் உங்களிடமே கேட்பார்கள், அதற்கும் ஒரு சொல்லைத் தயார் செய்து வைத்துக்கொள்ளாதீர்கள்.